தோனியை ஃபேன்டஸி டீம்ல எடுக்கலாமா? ஒரு முட்டியின் கணக்கு

1. ஐபிஎல் வந்தா அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஏரியா வாட்ஸ்அப் குரூப்புகள்ல ரெண்டே கட்சிதான். "தல இல்லாம டீமா?"ன்னு ஒரு கட்சி. "போதும்பா, வயசாயிடுச்சு"ன்னு இன்னொரு கட்சி. ரெண்டு பேருமே தப்பான கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுச் சண்டை போடுறாங்கன்னு நினைக்கிறேன். டாக்டரா இதுல எனக்கும் ஒரு கருத்து இருக்கு. த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2. தெரியாதவங்களுக்கு: ஃபேன்டஸி லீக்னா, நிஜ மேட்ச்ல ஆடுறவங்கள்ல இருந்து 11 பேரை நாம எடுப்போம். அவங்க ரன், விக்கெட், கேட்சுக்கு ஏத்த மாதிரி நமக்குப் பாயிண்ட். நாம வைக்கிற கேப்டனுக்கு ரெண்டு மடங்கு. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் வந்த பிறகு, காசு கட்டி ஆடுற போட்டிகளை டிரீம்11 நிறுத்திடுச்சு. என்னைக் கேட்டா, நல்லதுதான். இங்கே நான் சொல்றது நண்பர்களுக்குள்ள சும்மா ஆடுற லீக்குக்கு.

3. முதல்ல உடம்பு. தோனி பிறந்தது 1981 ஜூலை 7. 2023 ஃபைனல் முடிஞ்ச சில நாள்ல இடது முட்டியில அறுவை சிகிச்சை. நான் அவரைப் பரிசோதிச்சவன் இல்லை. வெளியில வந்த தகவல்களை வெச்சுத்தான் பேசுறேன். ஒரு டி20 இன்னிங்ஸ்னா 120 பந்து. ஒவ்வொரு பந்துக்கும் கீப்பர் குந்தி எழுந்திருக்கணும். ஆழமா குந்தும்போது முட்டிச் சில்லுக்குப் பின்னால விழுற அழுத்தம் நம்ம உடல் எடையைவிடப் பல மடங்கு.

4. நாற்பதுக்கு மேல எல்லாம் ஒரே வேகத்துல தேயாது. வெடிச்சு ஓடுறதுக்கு உதவுற வேகத் தசை நார்கள் முதல்ல குறையும். களைப்பு ஆற நேரம் எடுக்கும். ஆனா பந்து எங்கே வரும்னு பவுலரோட கையைப் பார்த்தே ஊகிக்கிற பழக்கம் ரொம்ப நாள் நிக்கும். 2025 மார்ச் 23, சேப்பாக்கம். நூர் அகமது பந்துல சூர்யகுமாரை ஸ்டம்பிங் பண்ணினப்போ அவருக்கு வயசு 43. கை அப்படியே இருக்கு. தேஞ்சது முட்டிதான்.

5. இப்போ கணக்கு. 2024 சீசன்: 11 இன்னிங்ஸ், 161 ரன், ஸ்ட்ரைக் ரேட் 220. பார்த்ததும் "எடுடா"ன்னு தோணும். ஆனா சந்திச்ச பந்து மொத்தமே 73தான். ஒரு இன்னிங்ஸுக்கு ஏழு பந்துகூட இல்லை. டிரீம்11 விதிப்படி ஸ்ட்ரைக் ரேட் போனஸ் வேணும்னா குறைஞ்சது 10 பந்து ஆடியிருக்கணும். பெரும்பாலான இன்னிங்ஸ்ல அவர் அந்தப் பத்தைத் தொடவே இல்லை.

6. உதாரணம்: 2024 ஏப்ரல் 14, வான்கடே. கடைசி ஓவர்ல 4 பந்துல 20 ரன். சென்னை ஜெயிச்சது சரியா 20 ரன் வித்தியாசத்துல! சிஎஸ்கேவுக்கு அந்த 4 பந்து தங்கம். ஆனா ஃபேன்டஸில அந்த ஸ்ட்ரைக் ரேட்டுக்குப் போனஸ் ஒண்ணும் கிடையாது. அணிக்கு அவர் தர்ற மதிப்பு வேற, உங்க பாயிண்ட் டேபிளுக்குத் தர்ற மதிப்பு வேற.

7. 2025ல 13 இன்னிங்ஸ், 196 ரன். பந்து கூடுச்சு, ஸ்ட்ரைக் ரேட் 135க்கு இறங்கிடுச்சு. பெங்களூரு மேட்ச்ல ஒன்பதாவதா இறங்கினார்னு ஊரே கொந்தளிச்சது. அடுத்த மேட்ச் முடிஞ்சதும் கோச் ஃப்ளெமிங் காரணம் சொன்னார்: முட்டி முன்ன மாதிரி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்துல ஓடி ஆட முடியாது. ரசிகர்களுக்கு அது சாக்குப்போக்கு மாதிரி தெரிஞ்சது. எனக்கு அது சரியான மருத்துவ முடிவாத்தான் பட்டுது.

8. ஆக, சீனியர் பிளேயரை எடை போட என் வழி:
- பேரைப் பார்க்காதீங்க. எத்தனை பந்து கிடைக்கும்னு பாருங்க. ஏழாவது, எட்டாவது இடம்னா பேட்டிங்கை நம்பி எடுக்காதீங்க.
- கீப்பர்னா கேட்சுக்கு 8, ஸ்டம்பிங்குக்கு 12. ஸ்பின் எடுக்கிற பிட்ச், நல்ல ஸ்பின்னர்கள் இருக்கிற நாள்னா யோசிக்கலாம்.
- கேப்டனா வைக்காதீங்க. பாசத்துக்கு ரெண்டு மடங்கு பாயிண்ட் கிடையாது!

9. கடைசியா ஒண்ணு. எஸ்டேட்ல முப்பது வருஷம் நின்னே மெஷின் ஓட்டினவங்க முட்டி வலின்னு நிறைய பேர் வர்றாங்க. அவங்களுக்கும் இதே ரெண்டு தீர்ப்புதான் கிடைக்குது: "முன்ன மாதிரி எட்டு மணி நேரம் நில்லு", இல்லேன்னா "வீட்டுக்குப் போ". சத்தத்தை வெச்சே மெஷின்ல என்ன கோளாறுன்னு சொல்ற ஆளு அவர். ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வெச்சு, செக்கிங்கும் புதுப் பசங்களுக்குப் பயிற்சியும் கொடுக்கச் சொன்னா இன்னும் பத்து வருஷம் ஓடும்.

10. தோனி முட்டிக்கு ஏத்த மாதிரி ஒரு டீமே பேட்டிங் ஆர்டரை மாத்திக்குச்சு. நம்ம சூப்பர்வைசருங்க ஒரு ஸ்டூல் போடலாம். மாத்துக்கருத்து இருந்தா கீழே சொல்லுங்க, பேசுவோம்.