ஊட்டி டிரிப்... பிளானை பர்லியாரிலிருந்து ஆரம்பிங்க!

ஊட்டி போய் வந்த குடும்பத்திடம், ``என்ன சாப்பிட்டீங்க?'' என்று கேட்டுப் பாருங்கள். பரோட்டா, ஃப்ரைடு ரைஸ், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மீல்ஸ் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கையில் ஒரு ஹோம்மேட் சாக்லேட் பொட்டலம் இருக்கும். ``என்ன பார்த்தீங்க?'' என்றால் பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா. இந்த மூன்றுக்கும் நடுவே காருக்குள் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூடவே பாட்டி. இத்தனை பேர் லீவு போட்டு, மாதக்கணக்கில் சேர்த்து வைத்த பணத்தைச் செலவழிக்கிற பயணம், ஊரில் கிடைக்கிற அதே பரோட்டாவில் முடிவது கொஞ்சம் வருத்தம்தான்.

நீலகிரியின் விசேஷம் ஊட்டியில் மட்டும் இல்லை. ஏறுகிற வழியில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர். ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் பாக்கு, பலா, மங்குஸ்தான், காபி, தேயிலை, பிளம்ஸ், கேரட் என்று மண்ணில் விளைவது மாறிக்கொண்டே போகும். இந்த ஏற்றத்தை வைத்துத் திட்டம் போட்டால், காடும் சாப்பாடும் ஒரே பயணத்தில் கிடைத்துவிடும்.

எந்த மாசம் போகலாம்?

மே மாதம் என்றால் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கூடவே கூட்டம். இந்தக் கூட்டத்தைச் சமாளிக்கத்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். சொந்தக் காரில் போகிறவர்கள் கிளம்பும் முன் அப்போதைய விதியை ஆன்லைனில் பார்த்துவிடுங்கள். அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் கவலையே இல்லை.

சாப்பாட்டுக்காகப் போகிறவர்களுக்கு ஜூன் கடைசியும் ஜூலையும்தான் நல்ல நேரம். ``அப்போ மழை வெளுத்து வாங்குமே!'' என்று தோன்றும். வாங்கும்தான், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி என்று மலையின் மேற்குப் பக்கத்தைத்தான் புரட்டியெடுக்கும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 820 மி.மீ. பெய்தது. கிழக்கே இருக்கிற குன்னூர், கோத்தகிரிக்கு அந்த மழை குறைவாகத்தான் வரும். அவற்றுக்குப் பெரிய மழை, அக்டோபர் - நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. மண் சரிவதும் ரயில் ரத்தாவதும் அப்போதுதான் அதிகம். அதனால், ஸ்கூல் லீவை விட்டால் வழியில்லை என்பவர்கள், காலாண்டு விடுமுறையில் போனாலும் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். மே மாதம்தான் முடியும் என்றால் திங்கள் முதல் வியாழன் வரை.

முதல் நாள்: நிதானமாக ஏறுங்கள்

மேட்டுப்பாளையத்தில் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வயிறு நிறைந்திருந்தால் பிள்ளைகள் பாவம். பாதி வழியில் பர்லியார். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே சாலையோரக் கடைகளில் மங்குஸ்தான் குவிந்திருக்கும். ரம்புட்டான், துரியன், பலாவும் வரும். மங்குஸ்தானை வாங்கும்போது விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கினால் நல்ல பழம். கல் மாதிரி இருந்தால் உள்ளே கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். துரியனை ஹோட்டல் அறைக்கு எடுத்துப் போகாதீர்கள், அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். அந்த வாசனைக்கு ரிசப்ஷனில் பதில் சொல்ல முடியாது. குரங்குகள் இருக்கும், பையை மூடி வையுங்கள்.

மூன்று இரவும் குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஒரே இடத்தில் தங்குங்கள். தினமும் பெட்டி கட்டினால் பாட்டிக்கு மட்டுமல்ல, எல்லோருக்குமே அலுப்பு. ஹோட்டலைவிட, படுகர் குடும்பங்கள் நடத்தும் ஹோம் ஸ்டே கிடைத்தால் விடாதீர்கள். புக் செய்யும்போதே, ``ஒரு வேளை உங்க வீட்டுச் சாப்பாடு கிடைக்குமா?'' என்று கேட்டுவிட வேண்டும். அவரை உதக்க என்கிற அவரைக் குழம்பு, அதற்குத் தோதாக ராகிக் களி, டீயோடு துப்பதிட்டு என்கிற இனிப்பு... இவையெல்லாம் ஹோட்டல் மெனு கார்டில் அவ்வளவு சுலபமாக அகப்படாது. போய் இறங்கிய பிறகு கேட்டால் அவரை ஊறியிருக்காது.

இரண்டாம் நாள்: ஊட்டிக்கு ரயிலில்

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. 60 நாள் முன்பு ரிசர்வேஷன் திறந்ததுமே உட்கார வேண்டும். கல்லாறு முதல் குன்னூர் வரை பல் சக்கரத்தில் ஏறுகிற அந்தப் பகுதிதான் வேண்டும் என்பவர்கள் அப்படியே செய்யுங்கள். பர்லியாரை இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு குன்னூர் - ஊட்டி ரயில் போதும். ஒரு நாளைக்குப் பல முறை ஓடுகிறது, டிக்கெட்டும் சுலபம், ஒன்றேகால் மணி நேரம்தான். வெலிங்டன், அருவங்காடு தாண்டி கேத்தி வரும்போது ஜன்னலை விட்டு நகராதீர்கள். பள்ளத்தாக்கு முழுக்க கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு தோட்டங்கள்.

ஊட்டியில் இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். மார்க்கெட்டுக்குள் ஒரு நடை போய், இலையோடு கட்டு கட்டாக விற்கும் கேரட்டை வாங்கிக் கழுவி அப்படியே கடியுங்கள். வர்க்கியை மறக்காதீர்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம் இது. விறகு அடுப்பில் சுட்டதா என்று கேட்டு வாங்கி, டீயில் ஒரு முக்கு. சாக்லேட்டுக்குக் கொடுக்கிற காசில் பாதியை இதற்கும் மலைத்தேனுக்கும் கொடுக்கலாம்.

மூன்றாம் நாள்: கோத்தகிரி சோலை

கோத்தகிரியை ஒட்டி இருக்கும் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர் காடு. 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கீழே இருக்கும் கிராமங்களின் குடிநீர் இந்தச் சோலை பிடித்து வைக்கிற மழைதான். உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். காலை 7 மணிக்குப் போனால் பறவைகள் கிடைக்கும். 10 மணிக்குப் போனால் அட்டைகள்தான் கிடைக்கும், மழைக்காலத்தில் உப்பு ஒரு பொட்டலம் பையில் இருக்கட்டும். சத்தம் போடாமல் நின்றால் நீலகிரி சிரிப்பானின் குரல் கேட்கலாம். சாயங்காலம் தேயிலைத் தோட்டத்து ஓரமாகக் காட்டெருமை நின்றால் காரை விட்டு இறங்கி செல்ஃபி எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

மதியத்துக்கு மேல் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. தூளை மொத்தமாக வாங்குங்கள். கூட்டுறவுத் தொழிற்சாலையின் இன்ட்கோசர்வ் தேயிலை என்றால் இன்னும் நல்லது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு சிறு விவசாயிகள் பல வருடமாகப் போராடும் மலை இது.

இறங்கும்போது

கோத்தகிரி வழியாகவே இறங்குங்கள், சீஸனில் போலீஸும் அப்படித்தான் திருப்பிவிடுவார்கள். மலைக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டு போனால், தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

இன்னொன்று, மாலை 4 மணிக்குள் குஞ்சப்பனையைத் தாண்டிவிடுங்கள். பலா பழுக்கிற மாதங்களில் அந்தச் சாலையோரத் தோப்புகளுக்கு யானைகள் வரும். குட்டியோடு வந்து நின்றால், ஹாரன் அடிக்காமல், என்ஜினை அணைக்காமல், தூரத்திலேயே காத்திருங்கள். அவை பழத்தைத் தின்று முடித்துவிட்டுத்தான் வழிவிடும்.