மகள்கள் சுமந்த புகழ்

செக்ரட்டேரியட் என்ற பந்தயக் குதிரை ஓடுவதில் வென்றது, வாரிசு தருவதில் தோற்றது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 1973 பெல்மாண்ட் பந்தயத்தில் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில், 31 குதிரை நீளம் முந்தி முடித்தது அந்தச் செந்நிறக் குதிரை. அந்த நேரத்தை அங்கே இன்றுவரை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை. அதே ஆண்டு கென்டக்கி டெர்பியில் ஒவ்வொரு கால் மைலையும் முந்தையதைவிட வேகமாக ஓடியது. களைக்க வேண்டிய இடத்தில் வேகம் கூடியது! தன்னை மிஞ்சும் மகனை அது தரவில்லைதான். ஆனால் ஏ.பி. இண்டி, ஸ்டார்ம் கேட், கான் வெஸ்ட் மூன்றும் அதன் மகள்கள் ஈன்றவை; அமெரிக்கக் குதிரை வளர்ப்பையே மாற்றியவை. மகள்வழிப் பேரன்களைக் கணக்கில் சேர்க்காமல் அதை எப்படித் தோல்வி என்பது?