கொல்லிமலைப் பிள்ளைகளும் காட்டுக்குள் வரட்டும்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஆய்வாளர்கள் மேலே வருகிறார்கள். மலையாளிப் பழங்குடியினர் காத்துவரும் கோவில் காடுகளில் மரங்களைக் கணக்கெடுக்கிறார்கள். அவர்களோடு உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் நடக்க வேண்டும்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே சாமைக்கும் தினைக்கும் மறுவாழ்வு தேடியபோது உழவர்களையே துணைக்கு வைத்துக்கொண்டது. காட்டுயிர் ஆய்வுக்கும் அதுவே சரியான வழி. எந்த மரம் எப்போது பழுக்கும், எந்தப் பறவை அதைத் தேடி வரும் என்று பாட்டியிடம் கேட்டு வளர்ந்த பிள்ளையின் கையில் தொலைநோக்கியும் குறிப்பேடும் கொடுத்தால் ஆய்வுக்கே பலம். 1990இல் தொடங்கப்பட்ட சாலிம் அலி பறவையியல் மையம் கோவை ஆனைகட்டியில்தான் இருக்கிறது. வனத்துறையும் பள்ளிக் கல்வித் துறையும் கைகோத்து, பருவத்துக்கு ஒருமுறையாவது அங்குள்ள ஆய்வாளர்களை இந்த மலைப் பள்ளிகளுக்கு அழைத்துவர வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.