பாறை நண்டுகளை அறிதல்

சங்ககிரிக் கோட்டையின் அடியில் வாழும் நமக்குக் கடல் நெடுந்தொலைவில் உள்ளது. எனினும், ஆண்டுதோறும் நம் மாணவர் சிலர் கன்னியாகுமரிக்கும் மண்டபத்துக்கும் சுற்றுலாச் செல்கின்றனர். நீர் வடிந்த பாறையிடுக்கில் பழக்கமில்லாத நண்டொன்றைக் கண்டதும், "இஃது அரிய நண்டு!" என ஆரவாரிக்கின்றனர். அரியது என்பது இறுதியிற் கூறவேண்டிய சொல். முதலிற் கூறத்தக்கதன்று என்பதே என் கருத்து.

நிறத்தை நம்பி நண்டுக்குப் பெயரிடுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். இளமையில் ஒரு நிறமும் முதுமையில் வேறு நிறமும் கொள்ளும் நண்டுகள் பல. உருவத்தையே நம்புதல் வேண்டும். முதலிற் கால்களை எண்ணுக. மெய்யான நண்டுக்குக் கொடுக்குகள் ஓரிணை; ஏனைய கால்கள் நான்கிணை. கல்லைப் புரட்டினால் தட்டையான சிற்றுயிர் ஒன்று விரைந்தோடும். அதற்கு நடைக்கால்கள் மூன்றிணையே புலப்படும். நான்காம் இணை சிறுத்து, உடலோடு ஒட்டி மடங்கியிருக்கும், உணர்கொம்புகளோ நீண்டிருக்கும். அதுவே பீங்கான் நண்டு. பெயரளவில் நண்டேயன்றி, உறவு முறையில் அது சங்கினுட் குடியிருக்கும் துறவி நண்டுக்கே நெருங்கியது. கடைசிக் கால்கள் துடுப்புப்போல் தட்டையாயின், அது நீந்தும் நண்டு. அவ்வினத்தில் ஓட்டின் விளிம்பிலுள்ள பற்களையும் எண்ணுதல் வேண்டும். நீலக்கால் நண்டுக்குப் பக்கத்துக்கு 9 பற்கள். சிலுவை நண்டுக்கு 6.

இவ்வாறு எண்ணியும் அளந்தும் ஒப்பிட்டும் இந்திய நண்டுகளை விரித்தெழுதியவர் கல்கத்தா அருங்காட்சியகத்தின் ஆல்காக். அவர்தம் கட்டுரைகள் 1895 முதல் 1900 வரை வெளிவந்தன. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927-இல் ஒரு நூல் வெளியிட்டது. பொதுவான நண்டுகளை இத்தகைய நூல்களோடு ஒப்பிட்டு அறிந்த பின்னரே அரியது கண்ணுக்குப் புலனாகும்.

பெயர் பிழைத்தால் என்ன என்று சிலர் வினவுவர். பவளப்பாறை நண்டுகளுள் சில, உண்டாரைக் கொல்லும் நஞ்சுடையன. சமைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. வேறொரு தீங்கும் உண்டு. அரியதென்று எண்ணிப் புட்டியில் அடைக்கும் ஆசையால் எத்தனை உயிர்கள் வீணே மடிகின்றன! மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அங்கு உயிர்களைப் பிடித்தல் குற்றமாகும். குறிப்பேட்டில் வரைந்துகொண்டு, புரட்டிய கல்லை முன்போல் வைத்துவிடுதலே முறை. கல்லின் அடியில் ஒட்டி வாழும் உயிர்கள் வெயிலில் காய்ந்து மடியும்.

இப்பயிற்சிக்குக் கடலும் வேண்டுவதில்லை. மேட்டூர்க் கால்வாய் பாயும் வயல்வரப்பில் வளை தோண்டும் நண்டே போதும். அதன் வயிற்று மடலை நோக்குக. குறுகியிருந்தால் ஆண், அகன்று வட்டமாயிருந்தால் பெண். கடல் நண்டுக்கும் இதுவே அடையாளம். ஆனால் கடல் நண்டின் குஞ்சு, தாயின் சாயல் சிறிதுமின்றி நீரில் மிதந்து திரியும். வயல் நண்டின் குஞ்சோ முட்டையினின்று சிறு நண்டாகவே வெளிவந்து, சிலநாள் தாயின் மடலுக்குள்ளேயே தங்கியிருக்கும்.