முதல் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்

அம்மா என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. நான் பரீட்சையில் கோட்டை விடவில்லை. காசு களவெடுக்கவில்லை. யாரோடும் ஓடிப்போகவும் இல்லை. பத்து நாள் பௌத்த தியான வகுப்பு ஒன்றுக்குப் போய்விட்டு வந்தேன், அவ்வளவுதான்.

பெரிய மாமாதான் முதலில் வாய் திறந்தார். "என்ன பிள்ளை, அவங்கட புத்தரைக் கும்பிட வெளிக்கிட்டியோ?" அம்மா அதைக்கூடக் கேட்கவில்லை. சுவரில் இருந்த சின்ன மாமாவின் படத்தை எடுத்துத் துடைத்தார். திரும்ப அதே ஆணியில் கொழுவினார். சின்ன மாமா 2009இல் வன்னியில் காணாமல் போனவர். அவரை நான் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அம்மா ஏன் அப்படித் துடைத்தார் என்று எனக்கு விளங்கியது. வாயால் திட்டியிருந்தால் அவ்வளவு நொந்திருக்காது.

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். லண்டனிலோ ரொறொன்ரோவிலோ ஒரு தமிழ்ப் பிள்ளை "தியானம் பழகப் போறேன், பௌத்த முறையில்" என்று சொன்னால் போதும், வீடு இரண்டுபடும். அதனால்தான் இதை எழுதுகிறேன், கோபத்தோடுதான் எழுதுகிறேன். தியானம் பழகிய பிறகும் கோபமா என்று கேட்காதீர்கள். ஓம், கோபம்தான். அதற்கும் கீழே வருகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தர் சொன்ன வழி படிபடியாகப் போவது. அதன் முதல் படி கொல்லாமை. அந்தப் படியில் கால் வைக்காமலே மேலே நிற்கிறோம் என்று சொல்பவர்களுக்கு அந்த வழி சொந்தமில்லை. அவர்களுடையது என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது முட்டாள்தனம்.

நாங்கள் இருப்பது பலெர்மோவில், சீசாவில். எங்கள் தெருவிலிருந்து பார்த்தால் சீசாக் கோட்டை தெரியும். 12ஆம் நூற்றாண்டில் நோர்மன் அரசர்கள் கட்டிய கோடை மாளிகை அது. கட்டுவித்தவர்கள் கிறித்தவர்கள், கட்டடக்கலை அரபுக் கலை, பெயரும் 'அல் அசீசா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. உள்ளே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1149இல் ஒரு பாதிரியார் தன் தாய் அன்னாவுக்காக வைத்தது. ஒரே செய்தி அதில் எபிரேயம், லத்தீன், கிரேக்கம், அரபு என நான்கு எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. தன் தாயின் நினைவு நான்கு சனத்துக்கும் விளங்கட்டும் என்று நினைத்த ஒரு மகன் இந்த ஊரில் இருந்திருக்கிறார். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அதைப் பார்த்தபோது நான் கொட்டாவி விட்டேன். இப்போது அந்தக் கல்லை அடிக்கடி நினைக்கிறேன்.

அதே கோட்டையில் நீரூற்று மண்டபத்து வளைவில் சில உருவங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. ஊர்ச்சனம் அவற்றைச் 'சீசாவின் பேய்கள்' என்று சொல்லும். அவற்றை யாராலும் சரியாக எண்ண முடியாதாம், எண்ணும்போதே அசைந்துவிடுமாம். தியான வகுப்பின் முதல் நாள் மூச்சைக் கவனி என்றார்கள். நாலாவது மூச்சுக்குள் என் மனம் மாமாவின் கல்யாண வீடியோ வரைக்கும் போய்விட்டது. எங்கள் ஊர்ப் பேய்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

அந்த வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது கோயங்கா வழி. எஸ்.என். கோயங்கா பர்மாவில் பிறந்த இந்திய வியாபாரி. அவர் 1969இல் மும்பையில் தொடங்கிய பத்து நாள் வகுப்புமுறை இன்று உலகம் முழுக்க நடக்கிறது, இத்தாலியிலும் சென்னைக்குப் பக்கத்திலும் நிலையங்கள் உண்டு. கட்டணம் இல்லை, முன்பு பழகியவர்கள் கொடுக்கும் நன்கொடையில்தான் சோறு. அவருடைய குரு ஊ பா கின் காட்டில் இருந்த துறவி அல்ல. 1948இல் பர்மா சுதந்திரம் அடைந்தபோது அந்த நாட்டின் தலைமைக் கணக்காளராக இருந்தவர். பிள்ளைகுட்டிக்காரர். தன் கந்தோரில் வேலை செய்தவர்களுக்கே தியானம் சொல்லிக் கொடுத்தார். சம்பளப் பட்டியலுக்கும் கோப்புக்கும் நடுவில் பழக முடியாத தியானம் எதற்கு என்பதுதான் அந்த வழியின் அடிப்படை.

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். கைபேசியை முதல் நாளே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒன்பது நாள் வாய் திறக்கக் கூடாது. ஆனால் மூச்சுக்கும் முன்னால் வேறொன்று வருகிறது. முதல் மாலையே ஐந்து சீலங்களை ஏற்க வேண்டும்: கொல்லாமை, களவெடாமை, பாலுறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, போதை எடுக்காமை. எனக்கு அது பள்ளிக்கூட உறுதிமொழி போலத் தெரிந்தது. இதைச் சட்டென்று முடித்துவிட்டு உண்மையான விஷயத்துக்கு வாருங்கள் என்று மனதுக்குள் சொன்னேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் மூச்சு கொஞ்சம் அடங்கியது. அப்போது அம்மாவின் முகம் வந்தது. "பொலோனியாவில் சிநேகிதி வீட்டுக்குப் போறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் நான் அந்த வகுப்புக்குப் போயிருந்தேன். அதற்குப் பிறகு மூச்சு இல்லை, ஒன்றும் இல்லை, அந்தப் பொய் மட்டும்தான். ஒருவரை ஏமாற்றிவிட்டு வந்து அமைதியாக உட்கார முடியாது. சீலம் நல்ல பிள்ளையாக இருப்பதற்கான விதி அல்ல, உட்காருவதற்குத் தேவையான தரை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இது கோயங்காவின் கண்டுபிடிப்பு அல்ல. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலே சீலம், சமாதி, பஞ்ஞை என்ற வரிசையில்தான் நிற்கிறது. ஒழுக்கம், மன ஒருமை, அறிவு. வரிசையை மாற்ற முடியாது.

இப்போது பெரிய மாமாவின் கேள்விக்கு வருகிறேன். 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தது. 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையும் அதையே சொல்கிறது. 1959இல் பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்டவர் காவி உடுத்த ஒரு பிக்கு. 2004இல் ஜாதிக ஹெல உறுமயவின் 9 பிக்குகள் நாடாளுமன்றம் போனார்கள். இராணுவ வழியே தீர்வு என்பது அந்தக் கட்சியின் நிலைப்பாடு. தையிட்டியில் விகாரை எழும்பி நிற்கும் நிலத்தைச் சொந்தக்காரர்கள் திருப்பிக் கேட்டுப் போராடுகிறார்கள். மாமா சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஆனால் மாமா, இவற்றில் எந்தப் படி மிதிக்கப்பட்டிருக்கிறது? கொல்லாமையா? களவெடாமையா? முதல் இரண்டு படியையும் தாண்டிக் குதித்தவர்களைப் பார்த்து "அதுதான் பௌத்தம்" என்று நீங்களே சான்றிதழ் கொடுக்கிறீர்கள். அவர்கள் கேட்பதும் அந்தச் சான்றிதழைத்தான். 1983 யூலையில் தமிழரை வீட்டுக்குள் ஒளித்துக் காப்பாற்றிய சிங்களவர்களும் இருந்தார்கள். முதல் படியில் நின்றவர்கள் அவர்கள். புத்தரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் நான் அவர்களோடு பேசுவேன்.

நம் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் மறுபடியும் பொய்க்காரி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். உடுத்த உடுப்போடு போனவர்கள் அவர்கள். எங்கள் வீடுகளில் அதை யாராவது கதைத்துக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. படியைத் தாண்டிக் குதிப்பது காவிக்காரருக்கு மட்டும் தெரிந்த வித்தை அல்ல.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது, உங்கள் கைபேசிக்குள். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜோன் கபாட்-சின் நாட்பட்ட நோவோடு வந்தவர்களுக்காக வகுப்பு ஒன்றை அமைத்தார். பௌத்தத் தியானத்தை மருத்துவமனைக்கு ஏற்றபடி மாற்றிய வகுப்பு அது, பலருக்கு உதவியது. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கிருந்து வழுக்கி இன்று எங்கே வந்திருக்கிறோம்? மாதச் சந்தா கட்டு, மழைச் சத்தம் கேள், நாளைக்கு இன்னும் உற்சாகமாக வேலை செய். போருக்குப் புறப்படும் அமெரிக்கப் படையினருக்கும் இந்தக் கவனப் பயிற்சி கொடுக்கப்பட்டிருக்கிறது. முதல் படியைக் கழற்றிவிட்டால் தியானம் எதற்கும் பயன்படும், குறி தவறாமல் சுடுவதற்கும்.

"எங்களுக்குச் சைவம் இருக்கு, அதிலேயே தியானம் இருக்கு" என்றார் அம்மா, கதைக்கத் தொடங்கிய நாலாம் நாள். உண்மைதான். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்பு யோகத்தைச் சொல்கிறார். அதன் முதல் உறுப்பு இயமம். இயமத்தில் என்ன வருகிறது? கொல்லாமை, பொய்யாமை, களவாடாமை. அதே படிதான்! அம்மாவின் வழியில் போக விரும்பினால் தாராளமாகப் போங்கள். ஆனால் போங்கள். சைவத்தில் எல்லாம் இருக்கு என்று சொல்லிவிட்டு இரவு இரண்டு மணி வரை கைபேசியை உருட்டுவது சைவமும் இல்லை, பௌத்தமும் இல்லை.

பௌத்தம் நமக்கு அந்நியம் என்பதையும் விடுங்கள். மணிமேகலை எந்த மொழிக் காப்பியம்? அவள் துறவு பூண்டது காஞ்சியில். புத்தகோசர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தன் உரைநூல் ஒன்றில் குறிப்பிடுகிறார். இராசராசன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரை எழுந்தது. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் சின்னச் சின்னத் தூபிகள் இன்றும் நிற்கின்றன. அவை தமிழ்ப் பௌத்தர்களுடையவை என்று நாம் உரத்துச் சொல்லாததால்தான் வேறு கதை எழுத இடம் கிடைக்கிறது. 1898இல் அயோத்திதாசர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். சாதியால் மிதிபட்ட தமிழருக்கு அது நிமிர்ந்து நிற்க ஒரு இடம். அந்தத் தமிழர்களிடம் போய் "சிங்களவன்ர மதம்" என்று சொல்வீர்களா?

பலெர்மோத் தமிழருக்கு மட்டும் இன்னொரு கேள்வி. 1624இல் கொள்ளைநோயிலிருந்து இந்த நகரைக் காத்தவர் என்று நம்பப்படும் சாந்தா ரொசாலியாவிடம், மொந்தே பெல்லெக்ரீனோ மலையேறி நம் அம்மாமார் போகிறார்கள். சைவ அம்மாமார், பொட்டு வைத்தபடி. வேலை கிடைக்க வேண்டும், பிள்ளைக்குச் சுகம் வர வேண்டும் என்று நேர்த்தி வைக்கிறார்கள். கத்தோலிக்கப் புனிதையின் குகையில் அழுதால் நாம் சைவர்தான். கண்ணை மூடி மூச்சைப் பார்த்தால் துரோகியா?

கடைசிக் குற்றச்சாட்டுத்தான் கனமானது. "தியானம் உங்களை மறக்க வைக்கும். அமைதியாக்கிப் படுக்க வைக்கும்." எனக்கும் இந்தப் பயம் இருந்தது. ஏழாம் நாள் சின்ன மாமாவின் படம் வந்தது. நெஞ்சு இறுகியது, தாடை கடித்தது, கை சுருண்டது. எழும்பி ஓடாமல் அதைப் பார்த்தபடி இருந்தேன். அது மறதி இல்லை. அவரைப் பற்றி நான் அவ்வளவு நேரம் தொடர்ச்சியாக நினைத்தது அதுதான் முதல் தடவை. மே 18இல் மெழுகுவர்த்தி கொளுத்தும்போதுகூட நான் படம் பிடித்துப் பதிவேற்றுவதிலேயே மும்முரமாக இருந்திருக்கிறேன். கோபம் போகவில்லை. ஆனால் யார்மேல், எதற்காக என்று இப்போது தெளிவாகத் தெரிகிறது. கண்ட சிங்களப் பெயரையெல்லாம் திட்டிய கோபத்தைவிட, நீதி கேட்கும் கோபத்துக்குப் பலம் கூட.

தொடங்க விரும்பும் தம்பி தங்கச்சிமாருக்கு: பத்து நாள் வகுப்புக்கு உடனே ஓடாதீர்கள். முதல் கிழமை ஒரே ஒரு சீலத்தை எடுங்கள். பொய் சொல்லாமை போதும், அதுவே முதுகை முறிக்கும். அடுத்த கிழமை, காலையில் பத்து நிமிடம் மூச்சு. அதற்கடுத்து ஒரு வேலையைக் கவனத்தோடு செய்யுங்கள்: படியேறுவது, கோப்பை கழுவுவது. சதிபட்டான சுத்தத்தில் மலசலம் கழிக்கும்போதும் கவனமாக இரு என்றுதான் இருக்கிறது, சிரிக்காதீர்கள். ஆனால் போரின் கெட்ட கனவுகளோடு இருப்பவர்கள், மனம் உடைந்து இருப்பவர்கள், முதலில் மருத்துவரிடம் கதையுங்கள். பத்து நாள் மௌனம் எல்லாருக்கும் மருந்தல்ல.

அம்மாவிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன். "நீ புத்தரிட்டப் போனது ரெண்டாவது. என்னட்டப் பொய் சொன்னியே, அதுதான் நொந்தது" என்றார். பிறகு, "அங்க சோறு தந்தவங்களே?" என்று கேட்டார். தந்தார்கள் அம்மா, காசு வாங்காமல்.

மாமா இன்னும் கதைக்கவில்லை. வரும் ஞாயிறு அவர் வீட்டுக்குப் போகிறேன். இந்த முறை எங்கே போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு.