வாத்தின் வயிற்றில் ஓர் ஓட்டை

மஞ்சள் வாத்தைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. சைதாப்பேட்டை பஜார் ரோடு பக்கம் பிளாஸ்டிக் குடமும் மக்கும் விற்கிற கடை வாசலில், மீன், தவளை, ஆமை என்று தன் கூட்டாளிகளோடு வலைப்பையில் தொங்கிக்கொண்டிருக்கும். அமுக்கினால் கீச்சென்று கத்தும். தண்ணீருக்குள் அமுக்கிவிட்டு வெளியே எடுத்து மறுபடி அமுக்கினால் பீய்ச்சி அடிக்கும். குளிக்கவே அடம் பிடிக்கிற ஒன்றரை வயசுக் குழந்தை இதைக் கையில் கொடுத்தால் பாத்ரூமை விட்டு வெளியே வர அடம் பிடிக்கும். கொடுத்த காசுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மூன்று மாசம் போகும். ஒரு நாள் அதே வாத்து தண்ணீரோடு சேர்த்துக் கறுப்பாக எதையோ துப்பும். டப்பில் சின்னச் சின்னக் கறுப்புத் துணுக்குகள் மிதக்கும். குழந்தை அதைப் பிடித்து வாயில் வைக்கப் பார்க்கும். அந்த நேரம் பார்த்து வீட்டுப் பெரியவர் யாராவது பாத்ரூம் பக்கம் எட்டிப் பார்ப்பார். வசனம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "ஏம்மா, ஒரு பொம்மையைக்கூட ஒழுங்காக் கழுவி வைக்க மாட்டியா?"

கேள்வி சரி. கேட்கப்பட்ட ஆள்தான் தப்பு.

அந்தக் கேள்வி போக வேண்டிய இடம் வாத்தைச் செய்தவனின் வீடு. அடியில் ஓர் ஓட்டை. உள்ளே போன தண்ணீர் முழுசாக வெளியே வராது. வெளிச்சம் போகாது, காற்று போகாது, பிரஷ் போகாது, விரலும் போகாது. இப்படி ஒரு பொருளைச் செய்து, பல் முளைக்கும் வயசில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிற குழந்தைக்கு என்று விற்றுவிட்டு, சுத்தம் செய்கிற பொறுப்பை மட்டும் அம்மா தலையில் கட்டியிருக்கிறார்கள். மூடியைத் திறக்கவே முடியாத டிபன் பாக்ஸை யாராவது விற்றால் சும்மா விடுவோமா? வாத்தை மட்டும் விட்டுவிட்டோம். அழகாக இருக்கிறது, அதனால்.

இது சும்மா வாய்ச்சவடால் இல்லை. ஸ்விட்சர்லாந்தில் தண்ணீர் ஆராய்ச்சிக்கென்றே இருக்கிற ஈவாக் நிறுவனத்தினர், ஜூரிக் ஈடிஹெச், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்களோடு சேர்ந்து இதை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். வீடுகளில் நிஜமாகவே குழந்தைகள் வைத்து விளையாடிய 19 குளியல் பொம்மைகளை வாங்கி இரண்டாக அறுத்துப் பார்த்தார்கள். அது போதாதென்று சில புதுப் பொம்மைகளை 11 வாரம் வீட்டுக் குளியல் மாதிரியே தண்ணீரில் போட்டு எடுத்தார்கள். அதில் பாதிக்கு வெறும் சுத்தமான குழாய்த் தண்ணீர். மீதிக்குக் குழந்தை குளித்து முடித்த அழுக்குத் தண்ணீர்.

உள்ளே இருந்தது வழவழவென்று ஒரு படலம். பாசி பிடித்த கிணற்றுப் படியைத் தொட்டால் கை வழுக்குமே, அந்த ஜாதி. ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது சுண்டுவிரல் நகத்தளவு இடத்தில், 50 லட்சத்திலிருந்து ஏழரைக் கோடி வரை கிருமி செல்கள். வீடுகளிலிருந்து வந்த பொம்மைகளில் கிட்டத்தட்ட 60 சதவீதத்தில் பூஞ்சை. நோய் உண்டாக்கக்கூடிய லெஜியோனெல்லா, சூடோமோனாஸ் வகை பாக்டீரியாக்கள் ஆராய்ந்த பொம்மைகளில் 80 சதவீதத்தில்.

எண்களை விடுங்கள், எண்களைப் பார்த்துப் பயப்படுகிற ஆட்கள் நாம் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. அந்த 50 லட்சம் என்பது சுத்தமான தண்ணீர் மட்டுமே போன பொம்மையின் கணக்கு! சோப்பு இல்லை, அழுக்கு இல்லை, வியர்வை இல்லை. அப்படியானால் கிருமிகள் எதைத் தின்று பெருகின? வாத்தைத்தான். மலிவான மெத்தென்ற பிளாஸ்டிக்கிலிருந்து கரிமப் பொருட்கள் மெல்ல மெல்லத் தண்ணீரில் கசிகின்றன. அதுதான் சாப்பாடு. குழந்தையின் உடம்பிலிருந்து வருகிற நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதற்கு மேலே தொட்டுக்கொள்ள. சமையலறையும் சாப்பாடும் படுக்கையும் ஒரே இடத்தில் இருக்கிற மேன்ஷன் ரூம் மாதிரி. யார்தான் காலி செய்வார்கள்?

ஆக, "ஒழுங்காக் கழுவலை" என்கிற குற்றச்சாட்டு இங்கேயே அடிபட்டுப் போகிறது. நல்ல தண்ணீரில் மட்டுமே குளிப்பாட்டும் வீட்டிலும் வாத்து நாறத்தான் செய்யும்.

இதற்கு நம்மூர் பத்திரிகைகளின் குடும்பப் பக்கங்களும் வீட்டுக் குறிப்பு எழுதுகிறவர்களும் சொல்லும் வைத்தியம் தெரிந்ததுதான். வினிகரில் ஊறப் போடுங்கள், வெந்நீரில் கொதிக்க விடுங்கள், பிளீச்சிங் கரைசலில் முக்கி எடுங்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வினிகர் சில கிருமிகளைக் கொல்லும், ஆனால் அந்த வழவழப் படலம் இருக்கிறதே, அது கிருமிகள் தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொண்ட கோட்டை. மேலே இருப்பவை செத்தாலும் அடியில் இருப்பவை பிழைக்கும். தேய்க்காமல் அது போகாது, ஓட்டை வழியாகத் தேய்க்க வழியில்லை. கொதிக்க வைத்தால் மெல்லிய பிளாஸ்டிக் நெளிந்து வாத்து நத்தை மாதிரி ஆகிவிடும். பிளீச்சிங் கரைசல் உள்ளே தங்கி, மறுநாள் குழந்தையின் கண்ணிலேயே பீய்ச்சும். இதில் சில புத்திசாலிகள் வினிகரையும் பிளீச்சிங்கையும் ஒன்றாகக் கலந்தால் டபுள் எஃபெக்ட் என்று நினைக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம். அதிலிருந்து வருவது குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத பாத்ரூமில் அது விளையாட்டு இல்லை.

சரி, ஜூரிக்கில் நடந்த ஆராய்ச்சிக்கும் சைதாப்பேட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அங்கே பாத்டப், இங்கே பக்கெட். உண்மைதான், ஆனால் வித்தியாசம் நமக்குச் சாதகமாக இல்லை. மெட்ரோ வாட்டர் குளோரின் போட்டுத்தான் தண்ணீர் அனுப்புகிறது. குழாயைத் திறந்ததும் குளிக்கிற வீட்டுக்கு அது பயன்படும். அடி பம்ப்பில் அடித்து, குடத்தில் சுமந்து, டிரம்மில் நிரப்பி, ஒரு நாள் இரண்டு நாள் வைத்திருந்து குளிக்கிற வீட்டில் குளோரின் அதற்குள் பெருமளவு பறந்துவிடும். அபார்ட்மெண்டாக இருந்தால் சம்ப்பில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து, மாடியில் சின்டெக்ஸ் டேங்கில் வெயிலில் காய்ந்து இறங்கி வரும். இதற்கு மேல் சென்னையின் புழுக்கம். துவைத்த ஜீன்ஸே காயாத ஊரில் வாத்தின் வயிறு எங்கே காயப் போகிறது?

"தினமும் கொதித்த தண்ணீரில் கழுவுங்கள்" என்று எழுதுகிறவர்கள் 2019-ஐ மறந்துவிட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம் அது. லாரி வந்தால் குடத்தோடு ஓடின வீடுகளில் பிள்ளையைக் குளிப்பாட்டவே அரை பக்கெட்தான். அந்த அரை பக்கெட்டில் வாத்துக்கும் பங்கு வைக்க வேண்டுமாம். கொதிக்க வைக்கிற கேஸ் செலவை யாரும் பேசுவதே இல்லை. இந்தக் குறிப்புகள் எல்லாம் குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் வருகிற, வேலைக்குப் போகாத, கையில் ஏகப்பட்ட நேரம் இருக்கிற ஒரு கற்பனைப் பெண்மணிக்காக எழுதப்பட்டவை. அந்த அம்மணியின் முகவரி சைதாப்பேட்டையில் இல்லை.

பூஞ்சை என்றால் என்னவென்று சைதாப்பேட்டைக்குப் பாடம் எடுக்கவும் வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்து போன பிறகு சுவரெல்லாம் கறுத்துக் கிடந்ததை ஆற்றோரத்தில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சுவரில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, சுரண்டினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள். வாத்துக்குள் இருப்பது அது தானாகத் துப்புகிற வரைக்கும் தெரியாது. டெங்கு சீசனில் டயரையும் தேங்காய் ஓட்டையும் பூந்தொட்டியையும் கவிழ்த்துப் பார்க்கிற மாநகராட்சி ஊழியர்கள் வாத்தைக் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. கொசு நுழைய முடியாத ஓட்டை என்பதால் தப்பித்தது போலும்.

இன்னொரு கட்சி இருக்கிறது. "நாங்கெல்லாம் குளத்துலயும் வாய்க்கால்லயும் குளிச்சு வளரலையா? கல்லு மாதிரி இல்ல இருக்கோம்?" இதில் ஒரு பாதி நியாயம் உண்டு. அந்த ஆராய்ச்சியைச் செய்தவர்களே, இந்தக் கிருமிகள் குழந்தையின் எதிர்ப்பு சக்தியை வளர்க்கவும் கூடும், கண், காது, வயிற்றில் தொற்றை உண்டாக்கவும் கூடும் என்று இரண்டையும்தான் சொன்னார்கள். நல்ல உடம்போடு இருக்கிற பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் குளத்துத் தண்ணீரை யாரும் மூன்று மாசம் இருட்டுப் பையில் ஊறப் போட்டுக் குழந்தையின் முகத்தில் பீய்ச்சியதில்லை.

எல்லாக் குழந்தைகளும் நல்ல உடம்போடு இருப்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் குழந்தைகள் புற்றுநோய் வார்டு ஒன்றில், பல மருந்துகளுக்கும் அடங்காத சூடோமோனாஸ் தொற்று பரவியது. எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது, தண்ணீர் தேங்கும் குளியல் பொம்மைகளில் போய் நின்றது தேடல். பொம்மைகளை அகற்றினார்கள், தொற்று நின்றது. 1998-ல் மருத்துவ இதழிலேயே வந்த விஷயம் இது. கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கிற குழந்தைக்கு ஆசையாய் யாரோ கொடுத்த வாத்து! குறைமாதத்தில் பிறந்த குழந்தை, சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த குழந்தை, காதில் அடிக்கடி சீழ் வடிகிற குழந்தை எல்லாம் எந்தத் தெருவிலும் இருக்கும். பொம்மை அட்டையில் இவர்களுக்கு என்று ஒரு வரி கிடையாது.

ஓட்டை இல்லாமல் செய்யவே முடியாதா? முடியும். நிரூபணம் பசிபிக் கடலில் மிதந்தது. 1992 ஜனவரியில் ஹாங்காங்கிலிருந்து அமெரிக்கா போன கப்பலிலிருந்து புயலில் ஒரு கன்டெய்னர் கடலில் விழுந்து, 28,800 குளியல் பொம்மைகள் கொட்டின. மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர், நீல ஆமை, பச்சைத் தவளை. வருஷக் கணக்கில் மிதந்து அவை அலாஸ்கா கரை வரைக்கும் ஒதுங்கின, கடல் நீரோட்டம் பற்றிப் படிப்பவர்கள் அவற்றை வைத்தே கணக்குப் போட்டார்கள். அத்தனை காலம் அவை மூழ்காததற்குக் காரணம், அடியில் ஓட்டை இல்லை. கடலே உள்ளே போக முடியாத வாத்தை 1992-லேயே செய்திருக்கிறார்கள். ஓட்டை தண்ணீர் பீய்ச்சவும் கீச்சென்று கத்தவும்தான். அந்தக் கத்தலில்தான் கடை வாசலில் குழந்தை திரும்பிப் பார்க்கிறது. கடைக்காரருக்கு வேண்டியது அது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நல்ல சட்டம், பாராட்ட வேண்டியதுதான். கூர்மையான விளிம்பு, விழுங்கக்கூடிய சின்ன பாகம், தீப்பிடிக்கும் தன்மை, ஈயம் மாதிரியான உலோகங்கள், பிளாஸ்டிக்கை மெத்தென்று ஆக்கும் தாலேட்டுகள் எல்லாவற்றுக்கும் சோதனை உண்டு. ஆனால் அந்த முத்திரை பேசுவது பெட்டியிலிருந்து எடுத்த புது வாத்தைப் பற்றி. மூன்று மாசத்து வாத்தைப் பற்றி அல்ல. ஐரோப்பாவில் 2009-ஆம் ஆண்டின் பொம்மைப் பாதுகாப்புச் சட்டத்திலேயே, மூன்று வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மை சுத்தம் செய்யக்கூடிய விதத்தில் வடிவமைக்கப்பட வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். எழுதிய பிறகும் ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் அறுத்துப் பார்த்த வாத்தில் என்ன இருந்தது என்று மேலேயே பார்த்தாயிற்று (ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இல்லை என்று யாராவது கிளம்புவார்கள். கடையில் விற்பது ஒரே வாத்துதான் சாமி). அந்த வரியை இங்கேயும் கொண்டு வந்து, "சுத்தம் செய்யக்கூடிய" என்றால் திறந்து தேய்க்கக்கூடிய, இல்லையென்றால் முழுக்க மூடிய என்று தெளிவாக எழுதினால் வாத்து செய்கிறவர்கள் ஒரே வருஷத்தில் அச்சை மாற்றிக்கொள்வார்கள்.

அதுவரைக்கும் வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கறுப்பாகத் துப்புகிற பொம்மையைக் காப்பாற்ற முயற்சி செய்யாமல் குப்பையில் போடலாம். நம்பிக்கை வராதவர்கள் பிளேடால் அறுத்துப் பார்த்துவிட்டுப் போடட்டும், அதற்கப்புறம் யாரும் வற்புறுத்தத் தேவையிருக்காது. ஓட்டையைப் பசை வைத்து அடைக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். புதுசிலேயே, உள்ளே ஒரு சொட்டுகூடப் போவதற்கு முன் அடைத்தால் சரி. பழசை அடைத்தால் கிருமிக்குக் கதவைச் சாத்தி காவல் போட்ட மாதிரி. பசைத் துண்டு பிய்ந்து வந்தால் குழந்தை விழுங்கும் என்பதால் இதுவும் அரைகுறை யோசனைதான்.

மரப்பாச்சிக் காலத்துக்குத் திரும்புங்கள் என்று ஜல்லியடிக்கவும் தேவையில்லை. மரமும் தண்ணீரில் ஊறினால் பூஞ்சை பிடிக்கும். குழந்தைக்குத் தண்ணீரில் வேண்டியது மொள்ளுவதும் ஊற்றுவதும் சொட்டுவதைப் பார்ப்பதும். ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர், பழைய டீ வடிகட்டி, இட்லித் தட்டு. இட்லித் தட்டின் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஒழுகுவதை ஒரு குழந்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முடிந்ததும் சமையல் பாத்திரத்தோடு போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தால் ஆயிற்று.

வாத்துதான் வேண்டும் என்று பிள்ளை அழுதால், பஜார் ரோட்டில் வாங்கும்போது வலைப்பையைத் திருப்பி அடியைப் பார்த்து, ஓட்டை இல்லாததாகக் கேட்டு வாங்கலாம். "அது கத்தாதேம்மா" என்பார் கடைக்காரர். கத்தாவிட்டால் பரவாயில்லை, அந்த வேலையைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.