கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

நாவலூர்ப் பெற்றோரே, ஞாயிறு இரவு பத்து மணிக்கு மேல் நம் அடுக்குமாடி வீடுகளில் விளக்கெரிவது எதற்காக? யு.கே.ஜி. படிக்கும் பிள்ளையின் புராஜெக்டுக்குத் தெர்மாகோல் வெட்டத்தான். பிள்ளை எப்போதோ தூங்கிவிட்டது. அம்மா வெட்டுகிறார், அப்பா ஒட்டுகிறார். மறுநாள் பள்ளிச் சுவரில் அது பிள்ளையின் பெயரோடு தொங்குகிறது. பிள்ளையின் விரல் பட்ட இடம் ஒன்றுகூட அதில் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் நாமே படம் போட்டு நாமே பாராட்டிக்கொள்கிறோம். யாரை ஏமாற்றுகிறோம்?

சின்னப் பிள்ளை முதலில் கிரேயானை முஷ்டியில் இறுக்கிக்கொண்டு தோளை அசைத்துக் கிறுக்கும். மணிக்கட்டு எலும்புகள்கூட முழுதாக உருவாகாத வயது அது. கிறுக்கக் கிறுக்கத்தான் அந்த அசைவு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் விரல்நுனிக்கும் இறங்கி வருகிறது. ஒருநாள் கோடு வளைந்துபோய், தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். பிறகு அந்த வட்டத்துக்குள் இரண்டு புள்ளி, கீழே இரண்டு கால். உடம்பே இருக்காது, தலையிலிருந்தே கால் முளைத்திருக்கும். பல நாட்டுப் பிள்ளைகளும் மனிதரை முதலில் இப்படித்தான் வரைகிறார்கள். "வயிறு எங்கடா?" என்று பென்சிலைப் பிடுங்கித் திருத்துகிறீர்களே, நியாயமா? நாளை 'ழ' எழுதப்போகும் கை அங்கேதான் பழகிக்கொண்டிருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் நாலு வயதுக் குழந்தை ஒன்று தண்ணீர் லாரி வரைந்தது. கட்டடத்தைவிட லாரி பெரிது. குழாய்க்குத் தாளில் இடம் போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் வரைந்துகொண்டே போனது. கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நமக்கு அதைவிட உண்மையான படம் எது? ஆனால் அச்சடித்த யானைக்குக் கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டும் போட்டிக்குத்தான் நாம் காசு கட்டி அனுப்புகிறோம்.

இத்தனைக்கும் நாம் வாழ்வது எந்த ஊர்ப்பக்கம்? பிள்ளை தன் கையால் செய்துதான் கற்கும் என்று சொன்ன மரியா மாண்டிசோரி, 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தார்கள். முட்டுக்காட்டில் 1996 முதல் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் களிமண்ணைத் தொட்டுப் பார்க்கலாம். இன்னும் தெற்கே போனால் மாமல்லபுரத்தில் உளிச்சத்தம். நாமோ வாரக் கடைசியில் மாலுக்குப் போய்விட்டு, பிள்ளைக்குப் பொறுமையே இல்லை என்று அலுத்துக்கொள்கிறோம்.

அரசுப் பள்ளியைப் பாருங்கள். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாட்டும் கதையும் பொம்மலாட்டமும் பாடத்துக்குள்ளேயே வந்துவிட்டன. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டும் நாம் நகலெடுத்த ஒர்க்‌ஷீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துகிறோம். பள்ளிகள் மட்டுமா காரணம்? சுவரில் அழகான படம் இல்லையென்றால் முதலில் புகார் சொல்வது நாம்தானே!

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சேர்ந்தே கேட்போம்: கோணலோ மாணலோ, பிள்ளைகள் செய்ததை மட்டும் மாட்டுங்கள். வீட்டில் ஒரு மூலையில் பழைய செய்தித்தாளை விரித்து, களிமண்ணும் கிரேயானும் வையுங்கள். தரை அழுக்காகட்டும், துடைத்துக்கொள்ளலாம். வரைந்து முடித்ததும் திருத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, படத்தின் கதையைப் பிள்ளையையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.